நரி முகத்தில் முழித்தவர்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேலியோரத் தடத்தில் உள்ளே நடந்தால் கிட்டுச்சாமியின் தோட்டம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, மேற்கே ஒரு கரட்டுப் பாறை, பாறையை ஒட்டி நாலைந்து பனை. வீட்டில் ஒரு பெரிய குடும்பமே தாராளமாகப் புழங்கலாம். புழங்குவது அவர் ஒருவர்தான்.

மனைவி சுப்பாத்தாள் கோபித்துக்கொண்டு போனவள் அல்ல. அப்படிப் போயிருந்தாலாவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமாதானம் பேசி அழைத்து வந்திருக்கலாம். மகள் யோகப்பிரியாவுக்குப் பெங்களூரில் வேலை. லீவு கிடைக்கவில்லை என்று தலைப்பிரசவத்துக்குத் தாயை அங்கே வரவழைத்துக்கொண்டாள். குழந்தைக்கு மொட்டையடித்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சுப்பாத்தாள் ரயிலேறினாள். மொட்டையடித்தார்கள், முடி வளர்ந்தது, இரண்டாவது குழந்தையும் வந்தது. இப்போது பெரிய பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது அவள் பொறுப்பு. நீங்களும் அங்கே போய் இருக்கலாமே என்று கிட்டுச்சாமியிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களெல்லாம் மாடு வைத்துக் கறக்காதவர்கள்.

காலையில் வேன் போனதும் சுப்பாத்தாள் ஃபோனில் கூப்பிடுவாள். சோறாக்கியாச்சா, மாடு எப்படிக் கறக்கிறது, மாத்திரை போட்டீர்களா. கேள்வி மாறாது, பதிலும் மாறாது. அங்கே குக்கர் விசில் அடிக்கும், சின்னது அழும், வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை கிட்டுச்சாமியின் வாயைத் திறக்க வைப்பது மாடுதான். அதுவும் திட்டுவதற்கு.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அத்வைத் வந்து சேர்ந்தான். பாலக்காட்டில் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி, வேலை வீட்டிலிருந்தே. பத்து மணிக்கு முன்னால் எங்கே போனாலும் கேட்பாரில்லை. தோளில் கைக்குழந்தை கனம் இருக்கும் கேமராவோடு ஒருநாள் விடியலில் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டான்.

"மாமா, உங்க பாறைப் பக்கம் நரி உண்டோ? யாரோ சொன்னா."

"உண்டான்னு கேக்கறீங்க," என்றார் கிட்டுச்சாமி. "என்ற கோளியெல்லாம் பின்ன எங்கெ போச்சுன்னு நெனைச்சீங்க தம்பி? உள்ள வாங்க. காப்பி குடிச்சுட்டுப் பேசுவோம்."

காபி குடித்தான். வேறு எதையும் தொடவில்லை. வீட்டில் கோழிக்குழம்பு வாசம் அடித்தது காரணமாக இருக்கலாம். கிட்டுச்சாமி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அவனுக்கென்று ஒரு தனி டம்ளர் வைத்துவிட்டார், குழம்பு வைப்பதையும் ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார்.

பாறைக்கு எதிரே கடலைக்காட்டு வரப்பில் தென்னந்தடுக்கு நாலைக் கட்டி மறைப்பு போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். இரண்டாம் நாள் இன்னொரு நாற்காலியும் போட்டார். இருட்டு பிரிவதற்கு முன்னால் இருவரும் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பேசக் கூடாது, இருமக் கூடாது, பீடி கூடவே கூடாது. வெயில் ஏறி அத்வைத் எழுந்திருக்கும்வரை அப்படியே இருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்கார வேலை. கிட்டுச்சாமிக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. ஃபோனில் பேச்சு இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே பேச்சு இல்லை, ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று சாவகாசமாகக் கால் நீட்டிக்கொள்வதுபோல் இருந்தது அவருக்கு.

நரிதான் வரவில்லை. வேண்டாத நேரத்தில் கோழியைத் தூக்கிக்கொண்டு போகிற கழுதை, ஒருவன் பாலக்காட்டிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் எட்டிப் பார்க்க மாட்டேன் என்றது. அத்வைத் ஒவ்வொரு நாளும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, "பரவாயில்லை மாமா" என்பான். அந்தப் பரவாயில்லை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள், "அடுத்த வாரம் நெல்லியாம்பதிப் பக்கம் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

கிட்டுச்சாமிக்கு இரண்டு கவலை வந்தது. வீடு தேடி வந்தவன் வெறுங்கையோடு போகிறானே என்கிற மானப் பிரச்சினை ஒன்று. இனி வரமாட்டான் என்பது இன்னொன்று. எது பெரிது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் கொழிஞ்சாம்பாறை சந்தைக்குப் போய், கோழிக்கடை தங்கதுரையிடம் கோழிக்குடல் கொஞ்சம் கேட்டார்.

"நாய் ஏதாச்சும் வாங்கிருக்கறீங்களாண்ணா?" என்றான் தங்கதுரை.

"ஆமா, அப்படித்தான்," என்றார்.

விருந்தாளி வருகிறான் என்றால் சமையலுக்கு வேண்டியதை முன்னாலேயே வாங்கி வைப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும் அவருக்குப் பட்டது. ஒரே வித்தியாசம், விருந்தாளிக்காக இன்னொரு விருந்தாளிக்குச் சாப்பாடு போடுகிறார். விடியலில் அத்வைத் வருவதற்கு முன்னால் போய்ப் பாறையின் கடைக்கோடியில் குடலை வைத்துவிட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் காபி கலந்தார். ஒன்றிரண்டு நாள் காக்கைதான் தின்றது. அடுத்த நாள் பனைப் பக்கமிருந்து நரி வந்தது.

அத்வைத் அவர் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். படம் தெளிவாக விழவில்லை, தூரம் அதிகம். ஆனால் நெல்லியாம்பதிப் பேச்சு அதோடு போயிற்று. "நாளைக்கும் வரும் மாமா, இது இப்போ தினம் வர வழி ஆக்கும்," என்றான், வாயெல்லாம் பல்லாக. நாளைக்கும் வந்தது. வராமல் என்ன செய்யும்?

இங்கேதான் கிட்டுச்சாமியின் திருட்டுத்தனம் ஆரம்பமாயிற்று. குடலைக் கிட்டே வைத்தால் நரி கிட்டே வரும். நரி கிட்டே வந்தால் படம் கிடைத்துவிடும். படம் கிடைத்துவிட்டால்? அதனால் அவர் அதே கடைக்கோடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடலை பூத்தது, விழுது மண்ணில் இறங்கியது. தினமும் நரி தூரத்தில் வந்தது, தினமும் அத்வைத் நாளைக்கு என்றான், தினமும் இரண்டு நாற்காலியும் நிரம்பின. அவருடைய சமீப காலத்து வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இல்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு காலையில் அத்வைத் தூக்கக் கண்ணோடு வந்து, நாற்காலியிலேயே தலை சாய்ந்து உறங்கிப்போனான். கன்னமெல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஒரு வயசுப் பையனை இப்படி ஏமாற்றி உட்கார வைத்திருக்கிறோமே என்று கிட்டுச்சாமிக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் குடலைப் பாறையின் இந்தக் கோடியில், மறைப்புக்கு நேர் எதிரே வைத்தார். பனிமூட்டத்தில் நரி இறங்கி வந்தது, தின்றது, தலையைத் தூக்கி நேராகப் பார்த்தது. கேமரா படபடவென்று அடித்தது.

அத்வைத் அவரைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு வரவில்லை.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆண் மயிலோ ஆந்தையோ, அடுத்தது என்ன என்று பார்க்க வேண்டியவன். எப்போதாவது ஃபோன் செய்து, "நரி வரதா மாமா?" என்று விசாரிப்பான். "வருதுங்க தம்பி," என்பார். நரி வந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் கிட்டுச்சாமி குடல் வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாற்காலியில் அவர் இருப்பார். நரி தின்றுவிட்டு, ஓடாமல், கொஞ்ச நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும். அதுவாவது வருகிறதே என்று இருந்தது.

ஒருநாள் அத்வைத் குரலில் குதிப்போடு கூப்பிட்டான். பாலக்காட்டில் ஒரு இயற்கை ஆர்வலர் சங்கம் வருடாவருடம் காட்டுயிர்ப் படங்களுக்கு விருது கொடுக்கிறதாம், இந்த வருடம் முதல் பரிசு நம்ம நரிக்காம். "நீங்க கட்டாயம் வரணும் மாமா. உங்களை மேடைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

கிட்டுச்சாமி அன்று காலை சுப்பாத்தாளிடம், இதுவரை சொல்லாத குடல் சமாச்சாரத்தைச் சொன்னார். அவள் ஃபோனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். வருடக்கணக்கில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை.

"கோளி புடிக்கிற நரிக்குக் கோளியே வாங்கிப் போட்டீங்களாக்கும். நல்ல ஆளுங்க நீங்க. அந்தத் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது புள்ளே."

"மேடையில சொல்லுங்க. எல்லாரும் சிரிப்பாங்க. பரிசுல உங்க பங்கும் இருக்குதுன்னு தெரிய வேண்டாமா? அந்தத் தம்பியும் தெரிஞ்சா உங்களை வுட்டுப் போகாது, அடிக்கடி வரும்."

அது அவர் மனசில் உட்கார்ந்துகொண்டது. எத்தனை வருடமாயிற்று நாலு பேர் தன் பேச்சைக் கேட்டுச் சிரித்து. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் கடலைக்குக் களை பிடுங்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தங்கதுரை நாயா என்று கேட்டதை எங்கே சேர்ப்பது, எந்த இடத்தில் நிறுத்தினால் ஆள்கள் சிரிப்பார்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டார். கடைசியில் அத்வைத்தின் முகம் எப்படி மாறும் என்று நினைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

விழா நாளன்று மாட்டை நேரத்திலேயே கறந்துவிட்டு, சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் பாலக்காடு பஸ் ஏறினார். மண்டபத்தின் வாசலில் படங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். யானை, வரையாடு, இருவாச்சி எல்லாவற்றுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு அவருடைய பாறை நின்றது. அவருடைய பனை. அவருடைய நரி. நரி நேராக அவரைத்தான் பார்த்தது. காலைப் பனியில் அதன் உடம்பு மங்கலாகி, முகம் மட்டும் தனியாக வந்து நிற்பதுபோல் இருந்தது. மீசை நுனியில் ஒரு துளி மின்னியது. அவருக்குப் பெருமையில் கண் கரித்தது. படம் நரியின் முன்னங்காலோடு முடிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே என்ன கிடந்தது என்று தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் என்று நினைக்க உள்ளுக்குள் குறுகுறுத்தது.

அத்வைத் ஓடி வந்து, அவரை முதல் வரிசையில் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். அந்த அம்மா, திரிபுரசுந்தரி என்று பெயர், "இவன் உங்காத்துக் காப்பியைப் பத்தியே பேசிண்டிருப்பான்" என்றார். கிட்டுச்சாமிக்கு அதுவே பரிசு வாங்கியதுபோல் இருந்தது.

பிறகு நடுவர் மைக் முன் வந்தார். கிருஷ்ணப்ரியா என்று பெயர் சொன்னார்கள். நரை ஓடிய தலை, கம்பீரமான அம்மாள். மலையாளத்தில் பேசினார். சர்க்கார் ஆபீஸ்களில் ஏறி இறங்கியே கிட்டுச்சாமிக்கு மலையாளம் அத்துப்படி, ஒரு சொல் விடாமல் புரிந்தது. இரை போட்டு வரவழைத்து எடுக்கிற படத்தை இந்தச் சங்கம் படமாகவே மதிப்பதில்லை என்றார். மிருகம் தன் இஷ்டத்துக்கு வந்தது, மனிதன் அதற்காகக் காத்திருந்தான் என்பதற்குத்தான் இந்தப் பரிசு. போன வருடம் மீன்கொத்திப் படம் ஒன்றுக்குக் கொடுத்த விருதைத் திரும்பப் பெற்றோம். தொட்டியில் மீன் விட்டு எடுத்தது பிறகு தெரியவந்தது. அந்த ஆள் அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் தலை காட்டவில்லை. இந்த நரியைப் பாருங்கள், மீசையில் இருக்கும் பனித்துளியைப் பாருங்கள். பொறுமைக்கு இயற்கை கொடுத்த பரிசு அது.

கிட்டுச்சாமி பார்த்தார். அது பனித்துளி இல்லை.

எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் அத்வைத் மேடையில் இருந்தான். கேடயத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு பருக்கை இரை வெக்கலை. அது தானா வந்தது. கிட்டு மாமாவும் நானும் தினம் காத்திண்டிருந்தோம், அவ்வளவுதான்" என்று தமிழிலேயே சொன்னான். சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமல் அத்தனை பேர் முன்னால் சத்தியம் செய்கிறான். பிறகு அவரைக் கூப்பிட்டான்.

பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவு நாள் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொன்னால் முதல் ஆளாகச் சாகப்போவது இந்தப் பையன். கிட்டுச்சாமி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார். "தம்பி உக்காந்திருந்தாருங்க. நானும் கூட உக்காந்திருந்தனுங்க."

கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். எளிமையான மனிதர் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவருக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

பிறகு டீயும் கட்லெட்டும் கொடுத்தார்கள். பேப்பர் தட்டோடு ஓரமாக நின்றிருந்தவரைத் தேடிக்கொண்டு கிருஷ்ணப்ரியா வந்தார். இப்போது தமிழில் பேசினார்.

"உங்களைத்தான் தேடிண்டிருந்தேன். அந்த நரி இப்பவும் வரதா?"

கிட்டுச்சாமி தட்டை வைக்க இடம் தேடினார். அதற்குள் அந்த அம்மாளே தொடர்ந்தார்.

"எங்கிட்ட படிக்கறவா ஒரு கூட்டம் இருக்கு. மாசாமாசம் வந்து உங்க தோட்டத்துல ரெண்டு நாள் தங்கினா தொந்தரவாகுமோ? நாங்களே சமைச்சுக்கறோம். நரி தானா வரது, எங்களுக்கு அது போறும். அத்வைத்தும் கூட வரேங்கறான்."

பூட்டியே கிடக்கும் அறைகள் கிட்டுச்சாமியின் கண்முன் வந்தன. ஒவ்வொன்றிலும் பாய் விரித்து ஆள்கள், அடுப்படியில் சத்தம், வரப்பில் வரிசையாக நாற்காலி. காபிக்குப் பாலை விற்காமல் நிறுத்திக்கொள்ளலாம். பொள்ளாச்சிச் சந்தையில் இன்னும் கொஞ்சம் டம்ளர் வாங்க வேண்டியிருக்கும் என்றுகூட ஒரு கணம் ஓடியது. வருது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கப்புறம் தினமும் குடல் வைக்க வேண்டும், இத்தனை படித்த கண்களுக்கு நடுவில். ஒருநாள் யாராவது ஒருத்தர் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தக் கேடயம் திரும்பப் போகும், பையனின் பேரும் அதோடு போகும்.

"இப்ப வர்றதில்லீங்க," என்றார்.

"அடடா. எப்போலேர்ந்து?"

"நெம்ப நாளாச்சுங்க. எங்கயோ போயிருச்சு. இனி வராதுங்க."

அந்த அம்மாள் வருத்தம் தெரிவித்துவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் வந்து நின்ற அத்வைத்துக்கு ஆச்சரியம். "போன வாரம் கேட்டப்போ வரதுன்னேளே மாமா?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொன்னேன் தம்பி."

அத்வைத் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பரவாயில்லை மாமா. நரி இல்லாட்டா என்ன, நான் ஒருநாள் சும்மா உங்களைப் பாக்க வரேன்." சொல்லும்போதே யாரோ கூப்பிட்டார்கள், கேடயத்தோடு படம் எடுக்கப் போனான். ஒருநாள் வருகிறேன் என்பது எவ்வளவு நீளமான நாள் என்று கிட்டுச்சாமிக்குத் தெரியும். மொட்டையடித்ததும் வருகிறேன் என்றதையும் கேட்டவர்தானே. பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொழிஞ்சாம்பாறை வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

மறுநாள் விடியலில் வெறுங்கையோடு போய் மறைப்புக்குள் உட்கார்ந்தார். தான் சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டும். நரி இனி வரக் கூடாது. வெளிச்சம் பரவியதும் அது வந்தது. வழக்கமான இடத்தை மோந்து பார்த்தது, சுற்றி வந்தது, மறுபடி மோந்தது. பிறகு பாறைமேல் உட்கார்ந்து மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியும் போகவில்லை. கிட்டுச்சாமி வெளியே வந்து நின்றார். அதற்கும் அது எழுந்திருக்கவில்லை.

ஃபோன் அடித்தது. பெங்களூரில் வேன் போய்விட்டது.

"சொன்னீங்களா?" என்றாள் சுப்பாத்தாள். ஆசையாகக் கேட்டாள்.

"சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"எல்லாரும் சிரிச்சாங்க. கை தட்டுனாங்க. நெம்ப நேரம் தட்டுனாங்க."

"நாந்தான் சொன்னனே. தம்பி இனி அடிக்கடி வரும் பாருங்க. இன்னைக்கு நரி வந்துதுங்களா?"

"வந்திருக்குது. எதுத்தாப்பல உக்காந்திருக்குது."

"அப்பப் பின்ன என்னங்க, நரி மூஞ்சியில முழிச்சிருக்கறீங்க. நல்லதுதான் நடக்கும்." அங்கே சின்னது அழுதது. வைத்துவிட்டாள்.

கிட்டுச்சாமி ஃபோனைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மேலே பட்டுவிடாமல் பக்கத்தில் விழும்படி வீசினார். நரி துள்ளி எழுந்து நாலடி ஓடியது. நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு வாலைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக வந்து, அவர் ஏதோ போட்டிருக்கிறார் என்று நினைத்து, அந்தக் கல்லை மோந்து பார்த்தது.

அவர் குனிந்து இன்னொரு கல்லை எடுத்தார்.